பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
கிளிக்கூண்டுகளுக்குப் பின்னால் ஒரு நீல வாளி.
மூடியின்மேல் செங்கல்.
செங்கல்லைப் பார்த்துத்தான் ரெக்ஸ்லின் நின்றிருக்கிறான்.

பாதி மாத வாடகையைக் கொடுத்துவிட்டு
முழங்கை நீளத்தில் ஒரு கறுப்பைச் சுமந்து வந்தான்,
மங்காஃபில் நாலாம் மாடிக்கு,
லிஃப்ட் பழுதான அன்று.
மின்சார விலாங்கு என்றான்.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமே, அதுவா?
சொந்தம்கூட இல்லையாம், பேர்தான் அப்படி.
இது யாருக்கும் எதையும் காட்டாதாம்.

நான் இ.சி.ஜி. எடுப்பவள்.
ஒரு ஷிப்டுக்கு நாற்பது மார்பு.
ஜெல்லின் குளிருக்குச் சிலிர்ப்பவர்கள்,
தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள்,
ஷாக் அடிக்குமா சிஸ்டர் என்பவர்கள்.
மெஷின் உங்களுக்குள் எதையும் அனுப்பாது,
உங்களிடம் இருப்பதைக் கேட்கும், அவ்வளவுதான்.
இதை மூன்று மொழிகளில் சொல்லிச் சொல்லி
விடியலில் வீடு திரும்பினால்
அவன் ஏசி ரிப்பேருக்குக் கிளம்பிப் போயிருப்பான்.
தொட்டிக் கண்ணாடியில் மஞ்சள் சீட்டு:
"இறால் மூன்று போட்டாச்சு.
கையுறை கதவுக்குப் பின்னால்.
வெறுங்கையை விடாதே."
அதன் கீழே நான் எழுதுவேன்:
"பால் தீர்ந்தது."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும்.
வாய் நிறைய ஒரு மடக்கு காற்று.
தண்ணீரிலேயே பிறந்து
தண்ணீர் போதாமல் போன பிராணி.
பகல் தூக்கத்தில் அந்தப் 'ப்ளக்' கேட்டுக்கொண்டே இருக்கும்.
கேட்காவிட்டால் எழுந்துகொள்வேன்.

ஆகஸ்டில் இங்கே எல்லாம் தலைகீழ்.
குழாயைத் திறந்தால் கொதிநீர்.
அணைத்துப் போட்ட ஹீட்டருக்குள்தான்
ஆறிய தண்ணீர் கிடைக்கும்.
வாளி வாளியாகப் பிடித்து
குளோரின் போக ஒரு நாள் வைத்து ஊற்றுவோம்.
இரண்டு பேருக்கும் ஒன்றாய் வரும் ஒரே விடுமுறை
அதில் போகும்.

ஒருநாள் உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரில்
இரண்டு கம்பிகளை இணைத்துத் தண்ணீரில் இறக்கினான்.
டக். டக். டக்.
கண் அவ்வளவாகத் தெரியாது,
இப்படித் தட்டித் தட்டித்தான் அறிந்துகொள்ளுமாம்
கல்லை, சுவரை, நம் விரலை.
இறால் விழுந்ததும் டக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி
துணி கிழிகிற சத்தம்.
அந்தத் தாளத்தை வார்டில் பார்த்திருந்தால்
டாக்டரை எழுப்பியிருப்பேன்.

ஒரு வியாழன் இரவு சண்டை.
அவன் தம்பிக்கு அனுப்பிய பணம்,
நான் சொல்லாமல் நீட்டித்த ஒப்பந்தம்.
அடுத்த அறையில் வாடகைக் குடும்பம்,
ஆகவே கிசுகிசுப்பில்தான் திட்டிக்கொண்டோம்.
பிறகு அவன் தொட்டியைத் துடைக்கப் போனான்.
கையுறை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது.

அவன் கத்தவில்லை.
ஸ்பீக்கர் கத்தியது.
தரையில் உட்கார்ந்து தன் கையை
யாரோ விட்டுப்போன சாமான்போலப் பார்த்தான்.

மணிக்கட்டைப் பிடித்தேன்.
பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும்.
முழு நிமிடம் எண்ணினேன்.
பிறகு இன்னொரு நிமிடம்.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாலு.
"மறந்துபோச்சு" என்றான்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன், பேசாதே என்றேன்.

இப்போது அது வளர்ந்து தொட்டி சின்னதாகிவிட்டது.
திரும்ப வேண்டுமென்றால்
தன்மேலேயே மடிந்து திரும்புகிறது.
ஒன்பதடித் தொட்டி வைத்திருக்கும் ஜஹ்ரா பண்ணைக்காரர்
இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.
கீழே ஹாரிஸ் அபு கரீம்
நாலாம் மாடியில் பாம்பு என்று
ஓனரிடம் போட்டுக்கொடுத்தாயிற்று.

"கொடுத்துவிடலாம்" என்று எழுதி ஒட்டினேன்.
மறுநாள் கீழே அவன் எழுத்து:
"சரி. அடுத்த வாரம்."

அது மூன்று வாரத்துக்கு முந்தைய சீட்டு.
ஈரத்தில் ஓரம் சுருண்டிருக்கிறது.
அவனும் கிழிக்கவில்லை, நானும்.
இன்று வரும் வழியில்
அரைக் கிலோ இறால் வாங்கினேன்.